ஒரு பரீட்சைக்கு மதிப்புரை

இந்த மாதம் மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது நாவலும் அல்ல, சிறுகதைத் தொகுதியும் அல்ல, ஒரு பரீட்சை. ஐஇஎல்டிஎஸ் என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள், ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் படிக்கவோ வேலை செய்யவோ போக விரும்பினால் எழுதவேண்டிய பரீட்சை.

"கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன காரியம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சாயங்கால வேளையில் கோயமுத்தூர் காந்திபுரத்தில் இறங்கி, கிராஸ்கட் ரோடு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஜவுளிக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் மேலே, மாடிப்படி ஓரங்களில், இந்தப் பரீட்சையின் பெயரைத் தாங்கிய பலகைகள் தொங்குவதைக் காண்பீர்கள். என் நாவல்களில் ஒரு வரிகூடப் படிக்காத வீடுகள் இந்த ஊரில் ஏராளம். அதைப்பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த வீடுகளில் பல, இந்தப் பரீட்சையின் மாதிரித் தாள்களை வரிவரியாக, அடிக்கோடிட்டு, மனப்பாடம் ஆகும்வரை படிக்கின்றன. இத்தனை பேர் இத்தனை சிரத்தையோடு படிக்கிற ஒரு நூலை விமரிசகன் கவனிக்காமல் விடுவது தர்மமாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. அது சொந்தக் காரணம். பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கையின் மகள் நர்ஸுப் படிப்பு முடித்து, கோயமுத்தூரில் மூன்று வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள். இங்கிலாந்துக்குப் போகவேண்டும் என்று இந்தப் பரீட்சையை எழுதினாள். கேட்பதில் ஏழரை, வாசிப்பதில் ஏழு, பேசுவதில் ஏழு, எழுதுவதில் ஆறு. எழுத்துக்கு ஆறரை வேண்டும். அரைப் புள்ளியில் நின்றுபோனது.

"மாமா, எழுதறதுல மட்டும் ஆறுதானுங்க வந்திருக்குது" என்று அவள் போனில் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. ஏனென்றால், அவளுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஆகவே இது பட்சபாதமற்ற மதிப்புரை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம்.

முதலில் நூலின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்நிய தேசத்தாரின் ஆங்கிலத்தை அளந்து பார்க்கும் ஆசை பழையது. 1913-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அப்படி ஒரு பரீட்சையை முதன்முதலாக நடத்தியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், இலக்கியம், ஒலியியல், கட்டுரை என்று மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். எழுத வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் தோற்றார்கள். அமெரிக்காவில் டோஃபல் என்ற பரீட்சை 1964-இல் ஆரம்பமாயிற்று. நம்முடைய ஐஇஎல்டிஎஸ் 1980-இல் வேறொரு பெயரில் பிறந்து, 1989-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ், ஆஸ்திரேலியாவின் ஐடிபி ஆகிய மூன்றும் அதற்குச் சொந்தக்காரர்கள். இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திவந்த பங்கையும் 2021-இல் ஐடிபி விலைக்கு வாங்கிக்கொண்டது. ஒரு தடவை எழுதக் கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது. கிடைக்கும் புள்ளிகள் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லுபடியாகும்.

இதில் 'பாஸ்', 'பெயில்' என்பதே கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, அரை அரையாக ஏறும் ஒரு ஏணி; அவ்வளவுதான். எந்தப் படியில் நிற்கிறவனை உள்ளே விடலாம் என்பதை அந்தந்தச் சர்வகலாசாலையும் சர்க்காரும் தீர்மானித்துக்கொள்கின்றன. இந்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

நூல் நான்கு பாகங்களாக அமைந்திருக்கிறது. முதல் பாகம், கேட்டல். சுமார் முப்பது நிமிஷம், நாற்பது கேள்விகள். ஒருமுறைதான் ஒலிக்கும், திரும்பக் கேட்க முடியாது. முதலில் இரண்டு பேர் ஏதோ ஒரு லௌகிக காரியம் பற்றிப் பேசுவார்கள்: வாடகைக்கு வீடு, பிரயாணத்துக்கு முன்பதிவு என்கிற மாதிரி. அடுத்து ஒருவர் மட்டும் ஒரு நூல்நிலையத்தையோ பூங்காவையோ வர்ணிப்பார். மூன்றாவதில் மாணவர்கள் ஆசிரியரோடு தங்கள் வேலையைப் பற்றி விவாதிப்பார்கள். நான்காவது ஒரு கல்லூரிப் பிரசங்கம்.

நாடகம் என்ற முறையில் இதை நான் மதிப்பிட்டாக வேண்டும். மாதிரித் தாள்கள் பத்துப் பதினைந்தை அடுத்தடுத்துக் கேட்டேன். வீடு தேடி வருகிறவர் தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். டெலிபோன் நம்பரைச் சொல்கிறார். முதலில் செவ்வாய்க்கிழமை என்கிறார். உடனே, இல்லை, வியாழக்கிழமை என்று மாற்றிக்கொள்கிறார். அந்த மாற்றம்தான் நாடகத்தின் உச்சகட்டம்! செவ்வாய் என்று எழுதிவிட்டவர் தொலைந்தார். இந்த உலகத்தில் யாருக்கும் கோபம் வருவதில்லை. யாரும் சாவதில்லை. அட்வான்ஸ் பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரன் இல்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவன் இல்லவே இல்லை. பரீட்சை எழுதுகிறவர்களில் யாருடைய மனமும் புண்பட்டுவிடக்கூடாது என்று துன்பத்தையெல்லாம் வடிகட்டி எடுத்துவிட்ட லோகம் அது. அந்த லோகத்தைக் கேட்டுப் பழகிக்கொண்டு லண்டனில் போய் இறங்கும் பிள்ளைகள், அங்கே நிஜமான வீட்டுக்காரனைச் சந்திக்கும்போது என்ன செய்வார்களோ, தெரியவில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே சோதிக்கப்படுவது காது மட்டும் அல்ல, பொறுமையும்தான். எதிராளி பேசி முடிக்கும்வரை முடிவுக்கு வராமல் காத்திருக்கத் தெரிந்தவனுக்கே புள்ளி கிடைக்கிறது. நம் வீட்டுப் பஞ்சாயத்துகளில் அந்தப் பழக்கம் இருந்திருந்தால் பாதி வழக்குகள் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டா.

இரண்டாம் பாகம், வாசித்தல். அறுபது நிமிஷம், நாற்பது கேள்விகள். உயர்படிப்புக்கான தாளில் மூன்று நீண்ட கட்டுரைகள் இருக்கும். தேனீயைப் பற்றி இருக்கலாம். பழைய கட்டிடத்தைப் பற்றி இருக்கலாம். விஷய ஞானம் தேவையில்லை. விடை அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கும்.

இந்தப் பாகத்தில் ஒருவகைக் கேள்வி வருகிறது. அதைப்பற்றி நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது 'சரி'யா, 'தவறா', அல்லது 'சொல்லப்படவில்லை'யா என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். தேனீக்கள் குறைந்து வருகின்றன என்று கட்டுரை சொல்கிறது. மருந்தடிப்பதால் குறைகின்றன என்று கேள்வி சொல்கிறது. நம் பையனுக்கு மருந்தடிப்பதால்தான் குறைகின்றன என்று தெரியும். அவன் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறான். 'சரி' என்று எழுதிவிடுகிறான். போயிற்று ஒரு புள்ளி! உனக்குத் தெரியுமா என்பதல்ல கேள்வி. கட்டுரை சொன்னதா என்பதே கேள்வி.

தமிழ் விமரிசகர்களுக்கு இந்த ஒரு கேள்வியை வைத்து ஆண்டுதோறும் பரீட்சை நடத்தினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் நாவல் ஒன்றில் ஒரு விதவை கிணற்றடியில் நெடுநேரம் நிற்கிறாள். "தற்கொலை செய்துகொள்ள நினைத்தாள்" என்று ஒருவர் எழுதினார். "தண்ணீர்ப் பஞ்சத்தின் குறியீடு" என்று வேறொருவர் எழுதினார். சொல்லப்படவில்லை, ஐயா, சொல்லப்படவில்லை! அவள் நின்றாள் என்றுதான் நான் எழுதினேன். நூலில் இருப்பது எது, நான் கொண்டுவந்து போட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் ஒழுக்கம் வாசகனுக்கு வேண்டிய முதல் ஒழுக்கம். அதை ஒரு பரீட்சை கற்றுக்கொடுக்கிறது என்றால், அந்த மட்டில் அது நல்ல பரீட்சை.

மூன்றாம் பாகத்துக்கு வரும்போது என் கை நடுங்குகிறது. எழுதுதல். ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத்து வேலைகள். முதலாவது, ஒரு வரைபடத்தையோ புள்ளிவிவரத்தையோ பார்த்து அது காட்டுவதைக் குறைந்தது 150 வார்த்தைகளில் சொல்வது. இரண்டாவது, ஒரு பொது விஷயத்தைப் பற்றிக் குறைந்தது 250 வார்த்தைகளில் கட்டுரை எழுதுவது. இரண்டாவதற்கு முதலாவதைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. திருத்துகிறவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறதா, சொன்னது கோவையாக இருக்கிறதா, சொற்கள் போதுமானவையும் பொருத்தமானவையும்தாமா, வாக்கியங்கள் பலவிதமாகவும் பிழையின்றியும் அமைந்திருக்கின்றனவா. நான்குக்கும் சம மதிப்பு.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தங்கை மகள் என்னிடம் வந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கல்லூரி நாளைய ஆங்கிலம். மகாராணிக்கு விண்ணப்பம் எழுதுகிற ஆங்கிலம். அவள் எழுதிக் காட்டிய சின்னச் சின்ன வாக்கியங்களைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். "என்ன அம்மிணி, குழந்தை எழுதின மாதிரி இருக்குதே!" என்றேன். நாலு வாக்கியங்களைச் சேர்த்து ஒன்றாக்கினேன். பழமொழி ஒன்றைத் தலையில் வைத்தேன். மேற்கோள் ஒன்றை வாலில் கட்டினேன். அவள் போய்வந்த பயிற்சிக்கூடத்தில் ஏற்கெனவே ஒரு சட்டம் கொடுத்திருந்தார்கள்; எந்தத் தலைப்பு வந்தாலும், "இன்றைய நவீன யுகத்தில்" என்று தொடங்கி, "இது இருபுறமும் கூருள்ள வாள்" என்று நடுவில் சொல்லி, "முடிவாகப் பார்க்குமிடத்து" என்று முடிக்க வேண்டும். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை: பாவு ஒன்றே ஆனால் வருகிற துணியும் ஒன்றேதான். ஆனால் அவள் அவர்களையும் நம்பினாள், என்னையும் நம்பினாள்.

வீட்டில் பழகிப் பார்க்க நானே ஒரு தலைப்புக் கொடுத்தேன்: 'இளைஞர்கள் கிராமத்தை விட்டு வெளியேறுவது நல்லதா, கெட்டதா?' அவள் எழுதியதை இப்போது எடுத்துப் படிக்கிறேன். நவீன யுகம் இருக்கிறது. வாள் இருக்கிறது. நான் கட்டின மேற்கோளும் இருக்கிறது. அவள் மட்டும் இல்லை! பல்லடத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெளியேறத் தவித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், வெளியேறுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அப்பன் பதினாறு தறியில் எட்டை விற்றதைப் பார்த்தவள். கூடப் படித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனதையும், ஒருத்தி அயர்லாந்துக்குப் போய் மாசாமாசம் பணம் அனுப்புவதையும் அறிந்தவள். அவளுக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்கை, அவளுடைய அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்களிலேயே எழுதியிருந்தால் போதும். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளை அவளுடைய கட்டுரையிலிருந்து வெளியேற்றிவிட்டோம்.

மனப்பாடம் செய்த வாசகங்களைத் திருத்துகிறவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். அவற்றுக்கு மதிப்புத் தரக்கூடாது என்பது அவர்கள் விதி. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. நாவலாசிரியனும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவன்தானே?

இங்கே பரீட்சையின் மேல் ஒரு குற்றமும் சொல்ல வேண்டும். நாற்பது நிமிஷத்தில் ஒரு அபிப்பிராயத்தை உண்டாக்கி, அதற்குக் காரணம் காட்டி, மறுதரப்பையும் கவனித்து முடிக்கச் சொல்கிறார்கள். இது ஆங்கில பாஷையைச் சோதிப்பது மட்டும்தானா? ஒரு குறிப்பிட்ட விதமாக வாதம் செய்யும் பழக்கத்தைச் சோதிப்பதும் ஆகாதா? பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்திலும் நான்கு வருஷம் கல்லூரியிலும் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று ஒரு தடவைகூடக் கேட்கப்படாமல் வளர்ந்த பெண், முதல்முறையாக அந்தக் கேள்வியை அந்நிய பாஷையில், கடிகாரத்துக்கு எதிரே, 17,000 ரூபாய் கட்டிவிட்டுச் சந்திக்கிறாள். அவள் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதில் ஆச்சரியம் என்ன? மேலும் ஒரு நர்ஸுக்கு இந்தக் கட்டுரை எதற்கு? நோயாளிக்கு ராத்திரி எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தாள் என்று தெளிவாக எழுதத் தெரிந்தால் போதாதா? வைத்தியத் தொழிலில் உள்ளவர்களுக்கென்றே ஓஇடி என்று வேறொரு பரீட்சை இருக்கிறது. அதில் நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, இன்னொரு வைத்தியருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அதுதான் பொருத்தமான கேள்வி. இங்கிலாந்தின் நர்ஸுகள் சபை அதையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதன் கட்டணம் இதைவிட மிக அதிகம். தறி விற்கிற வீட்டில் அது சின்ன விஷயம் அல்ல.

நான்காம் பாகம், பேசுதல். பதினொன்று முதல் பதினான்கு நிமிஷம். எதிரே ஒரு மனிதர். முதலில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று சில கேள்விகள். பிறகு ஒரு சீட்டைக் கொடுப்பார்; அதில் கண்ட விஷயத்தைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டு நிமிஷம் வரை பேச வேண்டும். கடைசியில் அதையொட்டிக் கொஞ்சம் ஆழமான விவாதம்.

இதற்கும் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் துரை. "நகரங்கள் பெருகுவது நல்லதா?" என்றேன். "எஸ் சார்" என்றாள். "கெட்டது என்று சிலர் சொல்கிறார்களே?" என்றேன். "எஸ் சார், அதுவும் கரெக்ட்" என்றாள். எங்கள் கொங்கு நாட்டு மரியாதை அது! ஒறம்பரை வந்தவர் எது சொன்னாலும், "அதுவும் சரிதானுங்க" என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். மறுத்துப் பேசுவதாயிருந்தால்கூட, 'ங்க'வைச் சேர்த்து அதன் முனையை மழுக்கிவிடுவோம். அந்த 'ங்க'வுக்கு ஆங்கிலத்தில் இடமில்லை. அதனால் அவள் அதற்குப் பதிலாக 'சார்' போட்டுக்கொண்டாள்.

பயிற்சிக்கூடத்தில் உச்சரிப்பை மாற்றச் சொல்லியிருந்தார்கள். லண்டன்காரி மாதிரிப் பேசவேண்டுமாம். அதை மட்டும் நான் வேண்டாம் என்று தடுத்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. பரீட்சை விதிகளும் அதைக் கேட்கவில்லை. சொல்வது தெளிவாக விளங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எந்த ஊர்ச் சாயல் என்று பார்ப்பதில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்த நாவல். என் கல்லூரி நாளில் அதைப் படித்தபோதுதான், எங்கள் பக்கத்துப் பேச்சை வைத்துக்கொண்டே ஒரு பெரிய கதையைச் சொல்லிவிடலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது. ஊர்ச் சாயல் ஒரு குறை அல்ல. அது எந்த வாயிலிருந்து சொல் புறப்படுகிறது என்பதன் அடையாளம்.

பரீட்சையில் அவளுக்கு வந்த சீட்டைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஆனால் பேச்சில் ஏழு வாங்கிவிட்டாள். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டவுடன், வார்டில் நோயாளிகளோடு பேசிப் பழகிய வாய், சட்டத்தையெல்லாம் மறந்துவிட்டுத் தானாகப் பேசியிருக்கிறது. அதே பெண், அதே ஆங்கிலம். பேச்சில் ஏழு, எழுத்தில் ஆறு. நடுவில் இருக்கிற ஒரு புள்ளி நானும் அந்தப் பயிற்சிக்கூடமும்.

சரி, நூல் எப்படி? நல்லதா, கெட்டதா? அதைச் சொல்வதற்கு முன், இந்த இனத்தில் ஒரு கொடிய நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா 1901-இல் ஒரு சட்டம் செய்தது. வெள்ளையரல்லாதார் உள்ளே வராமல் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லக் கூச்சம். ஆகவே, கப்பலிலிருந்து இறங்குகிறவருக்கு, அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது வார்த்தைகளைச் சொல்லி எழுதச் செய்யலாம் என்று விதித்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவரா? ஜெர்மனில் சொல். ஜெர்மனும் தெரியுமா? வேறொன்றில் சொல். 1934-இல் எகான் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தார். ஹிட்லரை எதிர்த்துப் பேச வந்தவர். பல பாஷைகள் அறிந்தவர். அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் பாஷையில் பரீட்சை வைத்துத் தோற்கடித்தார்கள்! ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நீதிமன்றமே அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. 1958-இல்தான் அந்தப் பரீட்சை ஒழிந்தது. யாரும் தேறக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட பரீட்சை அது.

அதோடு ஒப்பிட்டால் ஐஇஎல்டிஎஸ் கண்ணியமான நூல் என்பதில் சந்தேகமில்லை. என்ன கேட்பேன், எப்படி அளப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பேச்சைப் பதிவு செய்து வைக்கிறது. மதிப்பெண்ணில் குறை இருப்பதாகத் தோன்றினால் பணம் கட்டி மறுபடி பார்க்கச் சொல்லலாம். இத்தனையும் உண்மை.

ஆனால் புள்ளி போடுவது பரீட்சையின் வேலை; கதவைத் திறப்பதும் சாத்துவதும் வேறு கைகளின் வேலை. முன்னால் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயம் இதுதான். இங்கிலாந்தின் நர்ஸுகள் சபை 2018 வரையில் எழுத்துக்கும் ஏழு கேட்டது. ஆஸ்பத்திரிகளில் ஆள் பஞ்சம். அந்த வருஷம் டிசம்பரில் அதை ஆறரை ஆக்கியது. ஆஸ்திரேலியா 2024 மார்ச்சில் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐந்தரையை ஆறாக உயர்த்தியது. அங்கே வருகிறவர் கூட்டம் அதிகம் என்று கூக்குரல். இதற்கிடையில் ஆங்கில பாஷை அரைப் புள்ளி இளைக்கவும் இல்லை, பருக்கவும் இல்லை. கதவின் அளவுதான் மாறியது. இங்கிலாந்தில் வேறொரு பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடப்பதாக 2014-இல் பிபிசி அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது மெய். ஆனால் அதை நடத்திய அமெரிக்க நிறுவனம் 2011-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே நடந்த பரீட்சைகளில் 97 சதவிகிதம் சந்தேகத்துக்குரியவை என்று சொல்லிவிட்டது! ஆயிரக்கணக்கான மாணவர்கள் விசாவை இழந்தார்கள்; நாங்கள் நிரபராதிகள் என்று பலர் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள், சிலர் ஜெயித்தார்கள். ஒரு எண்ணை மனிதனுக்கு மேலே வைத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அது சாட்சி.

இந்தப் பரீட்சையிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று என்னைக் கேட்டால், இவ்வளவுதான் சொல்வேன்: நீங்கள் பொறுமையாகக் கேட்பவரா, இல்லாததைப் படிக்காதவரா, உங்களுக்கென்று ஓர் அபிப்பிராயத்தைச் சொல்லத் துணிந்தவரா என்று அது கேட்கும். நல்ல கேள்விகள்தான். நீங்கள் நல்ல நர்ஸா, நல்ல மகளா, தூர தேசத்தில் தனியாக இருக்கத் திடமுள்ளவரா என்று அது கேட்காது. அதைக் கேட்காத பரீட்சையின் புள்ளியை, அதற்கும் சேர்த்து விடையாக எடுத்துக்கொள்வது நம் தவறு. சொல்லப்படவில்லை!

தங்கை மகள் மறுபடி எழுதப் போகிறாள். ஒரு பாகத்தை மட்டும் திரும்ப எழுதும் வசதி இப்போது உண்டு. ஆனால் அதை எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். இவள், எதற்கும் இருக்கட்டும் என்று முழுப் பரீட்சையையும் எழுதுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போயிருந்தேன். தங்கை காப்பி கொடுத்துவிட்டு, தறிச் சத்தத்தில் மகளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னாள்: "அரைதான கொறஞ்சுது? கொறஞ்சது நல்லதாப் போச்சுன்னு நெனச்சனுங்ண்ணா. சொன்னா பாவம், ஆனா நெனச்சன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. அவளுடைய சின்ன வாக்கியங்களை நான் அலங்கரித்தபோது என் கைக்குள் எந்த ஆசை இருந்தது என்று எனக்கே நிச்சயமில்லை.

மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே பழைய தலைப்பு. கிராமத்தை விட்டு வெளியேறுவது. யுகம் இல்லை, வாள் இல்லை. என் அப்பா எட்டுத் தறி விற்றார் என்று தொடங்கியிருந்தாள். நான் போனால் மீதி எட்டும் ஓடும், ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் இருக்காது என்று எழுதியிருந்தாள். ஆகையால் வெளியேறுவது நல்லதும் கெட்டதும் என்று சொல்ல மாட்டேன், வெளியேறுவது ஒரு கடன் என்று முடித்திருந்தாள். நான்கு இடத்தில் இலக்கணப் பிழை இருந்தது. அவற்றை மட்டும் பென்சிலால் கோடிட்டேன்.

"வேற எதாச்சும் மாத்தோணுங்களா, மாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், கண்ணு" என்றேன்.